முதல் படத்துக்கு இசையமைக்கப் போகிறவர் அறிய வேண்டியவை

இசையமைப்பாளராக வேண்டும் என்று கோடம்பாக்கத்துக்கும் சாலிகிராமத்துக்கும் வந்து சேர்பவர்களில் பெரும்பாலோர் கைவசம் ஐம்பது அறுபது ட்யூன்களை வைத்திருப்பார்கள். முதல் படம் கிடைத்து வேலை தொடங்கியதும், அவற்றில் ஒன்றோ இரண்டோதான் பயன்படும் என்பது தெரியவரும். வேறொருவர் எழுதிய கதையில், வேறொருவர் வெட்டித் தொகுக்கப்போகும் காட்சிக்காக, வேறொருவர் எழுதும் வரிகளைத் தாங்கி, வேறொருவர் குரலில் ஒலிக்க வேண்டிய ஒன்றைச் செய்து கொடுப்பதுதான் இந்தத் தொழில். ட்யூன் போடுவது அதில் ஒரு பங்கு. பல ஆண்டுகள் உதவியாளராகவும் அரேஞ்சராகவும் (மெட்டுக்கு வாத்தியப் பகுதிகளை அமைப்பவர்) இருந்து, பிறகு சில படங்களுக்குத் தனியாக இசையமைத்தவன் என்ற முறையில், ட்யூனுக்கு முன்பும் பின்பும் இருக்கும் வேலைகளைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன். புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

சிச்சுவேஷன் கேட்பது

இயக்குநர் பாடலுக்கான சூழலைச் சொல்லும்போது கீபோர்டில் கை வைக்காமல் முழுவதையும் கேளுங்கள். "ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள், சோகமான பாட்டு" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டால் நீங்கள்தான் கேள்விகளைக் கேட்க வேண்டும். பாடலுக்கு முந்தைய காட்சி எந்த வசனத்தில் முடிகிறது, பாடல் முடிந்ததும் கதையில் என்ன மாறியிருக்கிறது, பாத்திரங்கள் வாயசைத்துப் பாடுகிறார்களா அல்லது வாயசைப்பில்லாத காட்சித் துணுக்குகளின்மேல் மான்டேஜாகப் போகிறதா, படத்தின் எத்தனையாவது நிமிடத்தில் இது வருகிறது, இதற்கு முந்தைய பாடலுக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி என்பவை எல்லாம் ட்யூனை நேரடியாகத் தீர்மானிக்கும். வாயசைக்கும் பாடல் என்றால் அந்த நடிகரின் பேச்சுக்குரலுக்கு ஓரளவு பக்கத்தில் இருக்கும் பாடகரைத் தேட வேண்டியிருக்கும்; மான்டேஜ் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் படத்தொகுப்பாளர் எங்கே வெட்டினாலும் தாங்கக்கூடிய இடையிசை வேண்டும். பதில்களை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு வரும்போது வாதாடுவதற்காக இதைச் சொல்லவில்லை; கதை நடுவில் மாறிவிட்டது என்பதை இருவருமாக உணர்ந்துகொள்ள அந்தக் குறிப்பு உதவும்.

இப்போது பெரும்பாலான இயக்குநர்கள் ஒரு ரெஃபரன்ஸ் பாட்டோடு வருகிறார்கள். அதைப் போட்டுக் காட்டி "இந்த மாதிரி" என்பார்கள். அதில் அவருக்குப் பிடித்தது எது என்று கேட்காமல் வேலையைத் தொடங்கினால், ராகத்தையோ தாளக்கட்டையோ அப்படியே எடுத்துக்கொண்டு, கேட்பவர்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிடும் ஒரு நகலைச் செய்து முடித்திருப்பீர்கள். பல சமயம் அவருக்குப் பிடித்தது அந்தப் பாடகியின் குரலில் இருக்கும் கரகரப்பாகவோ, தாளம் நுழையாமல் முதல் நிமிடம் காத்திருப்பதாகவோ இருக்கும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடலாம்.

எம்.எஸ். விஸ்வநாதன் காலத்தில் ஆர்மோனியத்தைச் சுற்றி இயக்குநரும் பாடலாசிரியரும் தயாரிப்பாளரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். ட்யூன் பிடிக்கவில்லை என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும். இன்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், அவர் படப்பிடிப்புக்குப் போகும் வழியில் காருக்குள் போன் ஸ்பீக்கரில் கேட்கிறார். போன் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் கேட்காது, கிக் டிரம்மின் அடிப்பகுதி கேட்காது. ஆகவே முதல் ட்யூனை ஒரு குரலும் ஒரு கிட்டாரோ பியானோவோ மட்டும் வைத்து அனுப்புங்கள். வெறும் குரலில் நிற்காத ட்யூன் நாற்பது டிராக் போட்டாலும் நிற்காது. முடிந்தவரை நேரில் போய்ப் பாடிக் காட்டுவதே நல்லது என்பது என் எண்ணம். குரல் வளம் இல்லையே என்ற தயக்கம் வேண்டாம்.

சந்தமும் வரியும்

தமிழ்ப் படங்களில் மெட்டுக்குப் பாட்டு எழுதுவதே பெருவழக்கு. நீங்கள் தத்தகாரத்தில், அதாவது பொருளற்ற அசைகளில், பாடி அனுப்பும் மெட்டில் எது குறில், எது நெடில் என்பது பாடலாசிரியருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். "லாலலா" என்று பொத்தாம் பொதுவாகப் பாடினால் எல்லாமே நெடிலாகக் கேட்கும், அவர் எழுதி அனுப்பும் வரி மெட்டில் உட்காராது. "தனன தனன தானா" என்று பாடினால் முதல் இரண்டு சீர்களும் மும்மூன்று குறில்கள், கடைசிச் சீர் இரண்டு நெடில் என்பது உடனே புரியும். இதற்கு "இரவு விடிய நானே" என்பது கச்சிதமாகப் பொருந்தும். அதையே "இரவு முழுதும் நானே" என்று மாற்றிப் பாருங்கள். எழுத்துக் கணக்கு ஏறத்தாழ அதேதான், ஆனால் நடுவில் ஒரு மகர ஒற்று வந்து உதடு மூடுகிறது. வேகமான மெட்டில் அந்த ஒற்றே தாளத்துக்கு ஒரு சிறு தட்டாக அமைந்து அழகு சேர்க்கும். மெதுவான மெட்டில் ஸ்வரம் சட்டென்று அடைபட்டதுபோல் இருக்கும். இரண்டில் எது வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், பாடலாசிரியர் ஊகித்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது.

நீண்ட கார்வை (ஸ்வரம் நீண்டு நிற்பது) வரும் இடங்களில் இன்னும் கவனம் தேவை. நான்கு அட்சரம் நிற்க வேண்டிய ஸ்வரத்தில் "காற்று" என்று முடியும் வரி வந்தால், பாடகர் "கா"வை நீட்டிக் கடைசியில் "ற்று"வை எங்காவது ஒட்ட வேண்டியிருக்கும். மேல்ஸ்தாயியில் உச்சமான ஸ்வரத்துக்கு "ஆ", "ஓ" போன்ற திறந்த உயிர்கள் வந்தால் குரல் தாராளமாக எழும். "ஈ" வந்தால் பலருக்குக் குரல் மெலிந்து கீச்சிடும். பாடலாசிரியரிடம் இதை முன்கூட்டியே சொன்னால் அவர் "வானே" என்றோ "போனாயோ" என்றோ மாற்றுச் சொல் தருவார். வரி கைக்கு வந்த பிறகு மெட்டை அரை இம்மி மாற்றித் தருவதும் உங்கள் கடமைதான். நல்ல வரிக்காக ஒரு குறிலை நெடிலாக்கிக் கொடுத்ததால் எந்த ட்யூனும் கெட்டுப்போனதில்லை. வல்லின மெல்லினம் கெட்டு, சொல் தவறான இடத்தில் பிளந்து ஒலிக்கும் பாடல்களில் பாதிக்குக் காரணம் பாடகர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மெட்டை விட்டுக்கொடுக்காத இசையமைப்பாளரே காரணம் என்பேன்.

எத்தனை கட்டை

பாடலின் ஆதார ஸ்ருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஒரு கட்டை என்பது மேற்கத்திய முறையில் சி. ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, நாலு எஃப், ஐந்து ஜி. பியானோவில் உங்கள் விரலுக்கு வசதியான ஸ்ருதியிலோ, உங்கள் குரலுக்கு வசதியான ஸ்ருதியிலோ பாடலை முடித்துவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. நானும் செய்தேன். கோயில் திருவிழாப் பாடல் ஒன்றை இரண்டு கட்டையில் அமைத்து, உச்சஸ்தாயியில் எளிதாகப் பாடும் ஓர் இளைஞரைத் தற்காலிகக் குரலாக டிராக் பாட வைத்து, நாதஸ்வரம், புல்லாங்குழல் எல்லாம் பதிவுசெய்து முடித்துவிட்டேன். பிறகு தயாரிப்புத் தரப்பு வேறொரு மூத்த பாடகரை முடிவுசெய்தது. அவர் கனத்த குரலுக்குச் சரணத்தின் உச்சம் எட்டவில்லை. ஒரு கட்டை இறக்கினால்தான் பாட முடியும் என்ற நிலை. மென்பொருளில் ஸ்ருதியை இறக்கிப் பார்த்தால் நாதஸ்வரம் தொண்டை கட்டிக்கொண்டதுபோல் ஒலித்தது. நீண்ட பாரி நாதஸ்வரங்கள் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையை ஒட்டியே இருப்பதால், இறக்கிய ஸ்ருதிக்கு ஏற்ற வாத்தியமும் அவசரத்தில் கிடைக்கவில்லை. கடைசியில் இடையிசையைக் கிளாரினெட்டில் வாசிக்க வைத்து, அந்த கால்ஷீட்டுக்கான பணத்தை என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். தேர் வரும் காட்சியில் கிளாரினெட் ஒலிப்பதை இன்றும் என்னால் கேட்க முடிவதில்லை.

ஆகவே பாடகர் முடிவாகும்வரை ஸ்ருதி கட்டுப்பட்ட வாத்தியங்களைப் பதிவுசெய்யாதீர்கள். பாடகரை அழைத்து, முழுப் பாடலையும் வேண்டாம், பல்லவியின் மிகத் தாழ்ந்த இடத்தையும் சரணத்தின் மிக உயர்ந்த இடத்தையும் மட்டும் பாடச் சொல்லி ஸ்ருதியை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆண், பெண் இருவரும் பாடும் டூயட்டில் ஒரே ஸ்ருதி இருவருக்கும் பொருந்துவது அரிது. ஆணுக்குப் பொருந்தும் ஸ்ருதியில் பெண்ணுக்குக் கீழ்ஸ்தாயி கேட்காமல் போகும், ஒரு ஸ்தாயி உயர்த்தினால் கத்துவதுபோல் ஆகும். பெண் பாடும் சரணத்துக்கு வேறு வீச்சில் தனி மெட்டு அமைப்பதும், இடையிசையில் ஸ்ருதி மாற்றிக்கொண்டு போவதும் பழகிய வழிகள்.

பதிவு நாள்

கணினியில் சாம்பிள்களை வைத்தே முழுப் பாடலையும் முடித்துவிட முடியும் என்பது உண்மை. பட்ஜெட் சிறியதாக இருந்தாலும் ஒரேயொரு வாத்தியமாவது ஆள் வாசித்ததாக இருக்கட்டும்; பாடலின் முகத்தையே அது மாற்றிவிடும். சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் உண்டு. கால்ஷீட் நேரம், அதற்கான ஊதியம் ஆகியவற்றைப் பற்றிய விதிகளை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, பணத்தைப் பதிவு முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள். ஊதியத்தை இழுத்தடிக்கும் இசையமைப்பாளர் என்ற பேச்சு ட்யூனைவிட வேகமாகப் பரவும்.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் இயல்பு உண்டு. பறையைத் தீயில் காய்ச்சித்தான் தோலை விறைப்பாக்குவார்கள். ஏசி போட்ட ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்த சிறிது நேரத்தில் தோல் தளர்ந்து ஒலி மங்கத் தொடங்கிவிடும். வெளியே காய்ச்ச ஓர் இடத்தையும் அதற்கான நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளாமல் பறைக் குழுவை அழைத்தால், மூன்றாவது டேக்கில் எல்லோரும் பொறுமை இழந்திருப்பார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் பலருக்கு ஹெட்போனில் மெட்ரோனோம் கேட்டு வாசித்துப் பழக்கம் இருக்காது. அவர்களை முதலில் தாளக் கட்டு இல்லாமல் அவர்கள் நடையில் வாசிக்க விட்டு, அந்த வேகத்தை அளந்து, பாடலின் டெம்போவை அதற்கு மாற்றிக்கொள்வது நல்லது. விட்டுக்கொடுப்பது அவர்கள் பக்கமே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வயலின் கூட்டமோ முழு ஆர்கெஸ்ட்ராவோ வேண்டும் என்றால் சென்னையிலேயே கலைஞர்கள் இருக்கிறார்கள். புடாபெஸ்ட், பிராக், ஸ்கோப்யே போன்ற நகரங்களில் இணையவழியாகவும் பதிவுசெய்கிறார்கள். எங்கே என்றாலும் எழுதிய நொட்டேஷன் (ஸ்வரக் குறிப்பு) தேவை. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தம் கைப்பட ஸ்கோர் எழுதிக் கொடுப்பவர் என்பது எல்லோரும் அறிந்தது. அந்த அளவு கைவராதவர்கள் நல்ல ஆர்கெஸ்ட்ரேட்டர் ஒருவரின் உதவியைப் பெறலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அவர் பெயரை டைட்டிலில் போடாமல் விடுவதே வெட்கப்பட வேண்டியது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: நம் கமகங்கள் (ஸ்வரத்தை அசைத்து வளைத்து இசைப்பது) நொட்டேஷனில் முழுமையாக இறங்காது. தோடி ராகத்தின் காந்தாரத்தை எழுதி அனுப்பி அயல்நாட்டு வயலின் கூட்டம் அதை அப்படியே வாசிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கமகம் வேண்டிய இடத்தை இங்கே தனி வயலினில் எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு நேர் ஸ்வரங்களில் நிற்கும் அடித்தளத்தை மட்டும் கொடுப்பது பலனளிக்கும்.

பின்னணி இசை

பாடல் அமைப்பதும் பின்னணி இசை அமைப்பதும் வேறு வேறு திறமைகள். தேசியத் திரைப்பட விருதுகளில்கூட 2009 ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து பாடலிசைக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனியாக விருது அளிக்கப்பட்டு வருகிறது. பாடல்கள் ஹிட்டான பிறகு ஆர்.ஆரில் (ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை) சறுக்கியவர்கள் ஏராளம். தொகுத்து முடித்த படத்தை முதலில் இசையே இல்லாமல் முழுவதும் ஒருமுறை பாருங்கள். பிறகு இயக்குநரோடு உட்கார்ந்து, எங்கே இசை தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று காலக்குறியோடு எழுதிக்கொள்ளுங்கள். எங்கே இசையே கூடாது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். இரண்டு மணி நேரமும் ஒலித்துக்கொண்டே இருந்தால், உண்மையில் தேவைப்படும் இடத்தில் உங்கள் வயலினை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

காட்சியின் நேரத்துக்குத் தாளத்தைப் பொருத்துவதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஒருவர் கடிதத்தைப் பிரிக்கத் தொடங்குகிறார். சரியாக 14 ஆவது வினாடியில் காட்சி வெட்டப்பட்டு ரயில் நிலையம் வருகிறது. அந்த வெட்டில் இசையின் சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி, விழ வேண்டும். நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் நீங்கள் நான்கடித் தாளத்தில் தொடங்கியிருந்தால் 14 வினாடியில் 21 அடிகள் கடந்திருக்கும். அதாவது ஐந்து ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முடிந்து ஓர் அடி மிச்சம், வெட்டு இரண்டாவது அடியில் போய் விழும். வேகத்தை ஏறத்தாழ 85.7 ஆகக் குறைத்தால் 20 அடிகளில் ஐந்து ஆவர்த்தனம் முடிந்து, வெட்டும் சமமும் ஒன்றாகும். வேகத்தைத் தொட மனமில்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு: 21 என்பது மூன்று ஏழு. அதே 90 வேகத்தில் ஏழடி கொண்ட மிஸ்ர தாளத்துக்கு மாறினால் மூன்று ஆவர்த்தனம் முடிந்த இடத்தில் ரயில் நிலையம் வந்து நிற்கும். ஏழடி நடைக்கே உரிய லேசான தடுமாற்றம் கடிதம் பிரிப்பவரின் பதற்றத்துக்கும் பொருந்தும். ஆனால் எல்லா வெட்டுக்கும் இப்படிச் சமம் வைத்தால் கார்ட்டூன் படத்துக்கு இசையமைத்ததுபோல் ஆகிவிடும்.

வசனம் வரும் இடங்களில் மனிதக் குரலின் வீச்சிலேயே திரியும் செல்லோவையும் வயோலாவையும் அடக்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஒலிக்கலவையில் இன்ஜினியர் உங்கள் இசையைத் தரைமட்டமாக இறக்கிவிடுவார், அதில் அவர்மேல் குற்றமும் இல்லை. இறுதியில் படத்தொகுப்பு மாறும் என்பதையும் எதிர்பார்த்தே இருங்கள். காட்சியிலிருந்து நான்கு வினாடி வெட்டப்பட்டது என்ற செய்தி வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் வரும்.

பணமும் தாளும்

புதியவர்களுக்குப் பெரும்பாலும் பேக்கேஜ் முறையில்தான் படம் வரும்: ஒரு தொகையைக் கொடுத்துவிடுவார்கள், பாடகர், கலைஞர்கள், ஸ்டூடியோ, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் அதற்குள் உங்கள் பொறுப்பு. தொகை பெரியதாகத் தோன்றும். செலவை எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே சம்மதியுங்கள். எத்தனை பாடல்கள், ஒரு ட்யூனுக்கு எத்தனை மாற்றங்கள், எந்தப் பாடகரின் சம்பளம் பேக்கேஜுக்கு வெளியே என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசித் தவணையைப் பட வெளியீட்டுக்குப் பிறகு என்று ஒத்துக்கொள்ளாமல், இறுதி ஒலிக்கோப்புகளை ஒப்படைக்கும் நாளோடு இணைத்துவிடுங்கள்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் கேட்டுச் செய்துகொடுத்த திரையிசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 1977 இல் தீர்ப்பளித்தது. 2012 இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பது நீங்கலாக மற்றப் பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமை பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உண்டு; அந்த உரிமையைச் சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆகவே ஒப்பந்தத்தில் "எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக" என்ற வாசகத்தைக் கண்டதும் மிரளவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்திடவும் வேண்டாம். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும், 1969 முதல் இயங்கிவரும் பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலையும் பாடலாசிரியர் பெயரோடு பதிவுசெய்துகொள்ளுங்கள். பதிவுசெய்யாத பாடலுக்கான பணம் தானாக உங்களைத் தேடி வராது. விலைக்கு வாங்கிய லூப்களை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஆயத்த இசைத் துணுக்குகள்) பாடலின் முகப்பில் வைக்காமலிருப்பதும் நல்லது. அதே லூப்பை வாங்கிய இன்னொருவர் முந்திக்கொண்டால் நகல்களைத் தானாகக் கண்டறியும் யூடியூபின் கன்டென்ட் ஐடி உங்கள் பாடலையே நகல் என்று காட்டக்கூடும்.

படத்தின் இசையை ஒப்படைக்கும்போது பாடலின் முழு வடிவம், குரல் இல்லாத வடிவம், தாளம், தந்தி, குரல் எனப் பிரித்த ஸ்டெம்கள் ஆகியவற்றை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் தனித்தனியாகக் கொடுங்கள். தெலுங்கிலோ இந்தியிலோ டப் செய்ய முடிவானால் முதலில் கேட்பது குரல் இல்லாத வடிவத்தைத்தான். உங்களிடம் இருக்கும் புராஜெக்ட் கோப்பை அப்படியே மூடி வைக்காமல், ஒவ்வொரு மென்பொருள் வாத்தியத்தையும் ஒலிக்கோப்பாக மாற்றி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். இன்று உங்கள் கணினியில் இருக்கும் சிந்தசைசர் மென்பொருள் பத்து ஆண்டுகள் கழித்துத் திறக்காமல் போகலாம், வாசித்து வைத்த ஒலிக்கோப்பு திறக்கும்.